நைஜீரியத் தாய்மாமன் மீது ஒரு ஸ்தல விசாரணை

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
சனிக்கிழமை மத்தியானம்

மரியாதைக்குரிய மச்சான் குமாரசாமி அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சாந்தியின் கணவன் மயில்சாமி கும்பிட்டு எழுதிக்கொள்வது.

இவ்விடத்தில் சாந்தியின் முழங்கால் நீங்கலாக மற்ற யாவும் சுகம். அவ்விடத்தில் தங்கள் சர்க்கரை குறைந்தும், தாராபுரம் தோட்டத்துத் தென்னை நிறைந்தும், என் மீதுள்ள கோபம் பழைய அளவிலேயும் இருக்கும் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் தாங்கள் என்னை பிளாக் செய்து ஐந்து வருஷம் ஆகிறபடியால் இதைக் காகிதத்தில் எழுத வேண்டியதாயிற்று. காகிதத்தைக் கிழித்துப் போடலாம்தான். ஆனால் அமெரிக்கத் தபால்தலை ஒட்டிய உறையைப் பிரித்துப் பார்க்காமல் கிழிக்கிற மனுஷர் தாங்கள் இல்லை என்று தங்கள் தங்கை உறுதியாகச் சொல்கிறாள். ஜூன் மாதம், எடிசனில் வேலை பார்க்கும் தங்கள் மகள் கண்மணியைப் பார்க்க வருவதாகவும், பக்கத்து ஊரிலேயே நாங்கள் இருந்தாலும் "அந்த ஆளு வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றும் போனில் சொன்னீர்களாம். அந்த ஆள் நான்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அதற்கு அப்புறம் சொன்னதும் எனக்குக் கேட்டது, அதை இங்கே எழுதினால் தபால்காரருக்குக் கூச்சமாக இருக்கும். ஆகவே தாங்கள் வந்து இறங்குவதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு நைஜீரியப் படத்தின் நிறைகுறையில் இருந்து ஆரம்பித்தால்தான் வருகிறது. சிரமம் பாராமல் கடைசி வரை படிக்கவும்.

நான் சினிமாவுக்கு நீதிபதி ஆனதற்குக் காரணம் ஒரு வேலி. மகன் கவின் ஆபீஸ் போய்விடுவான், மருமகளும் போய்விடுவாள், சாந்தி முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு யூடியூபில் உட்கார்ந்துவிடுவாள். இருபத்தேழு வருஷம் வருவாய் ஆய்வாளராக ஊர் ஊராய்ப் போய் ஸ்தல விசாரணை செய்தவன் நான், சும்மா எத்தனை நாள் ஜன்னலைப் பார்ப்பது? டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு மரவேலியை அளந்தேன். கவின் நிலத்துக்குள் ஏழு அங்குலம் வந்திருக்கிறது. சும்மா விடக்கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் எழுதி, ஏழு நாளைக்குள் ஆக்கிரமிப்பை அகற்றும்படி அந்த வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன். அந்த வேலியைப் போன வருஷம் போட்டது நம் கவின்தானாம், அந்த மனிதர் பாவம் பாதிச் செலவு கொடுத்திருக்கிறார். அன்று சாயங்காலம் கவின் என்னை உட்கார வைத்து, "அப்பா, நீங்க ரிட்டயர் ஆகி ஒம்பது வருஷம் ஆச்சு. ப்ளீஸ், இனிமே யாரோட ப்ராப்பர்ட்டியையும் மெஷர் பண்ணாதீங்க" என்றான். மறுநாளே இங்குள்ள லைப்ரரியில் உலகப்பட மாதம் என்று ஒன்று நடத்துகிறார்களென்று, அதில் படம் பார்த்து அபிப்பிராயம் சொல்கிற ஐந்து பேர் குழுவில் என் பெயரைக் கொடுத்துவிட்டான். மூத்த குடிமக்கள் இடம் ஒன்று காலியாக இருந்ததாம்.

போன சனிக்கிழமை எங்களுக்கு விழுந்தது ஒரு நைஜீரியக் குடும்பப் படம். எடுத்தவர் அடன்மா என்று ஒரு பெண்மணி, நியூவர்க்கில் குடியிருக்கிறார், நாற்பது வயசு இருக்கும். கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். மேலே 'குடும்பம்' என்று வகை போட்டிருந்தது. கீழே இரண்டு கட்டம், ஒன்றில் நிறை, ஒன்றில் குறை. மச்சான், நீங்களே சொல்லுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு வீடு வீடாய்ப் போய் அறிக்கை எழுதியவன், போதாததற்கு நம் சொந்தத்தில் பாதிக் கல்யாணத்துக்கு இடம் விசாரித்துச் சொன்னவன், குடும்பம் என்று போட்டு நிறைகுறை கேட்டால் என்னத்தை நினைப்பான்? படத்தின் நிறைகுறையைக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் குடும்பத்தின் நிறைகுறையைக் கேட்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, பேனாவைத் திறந்து, முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

கதை இதுதான். எனுகு என்கிற ஊரில் ஒரு பெரியவர் காலமாகிறார். மனைவி இருக்கிறார், மூன்று மகன்கள், இஃபோமா என்று ஒரு மகள். அவர்கள் வழக்கத்தில் பெரிய மனிதர் இறந்தால் நம்மைப் போல் அன்றைக்கே தூக்குவதில்லை. உடலைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து, மாடு பிடித்து, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் ஒரே துணியில் உடுப்புத் தைத்து, மாதக்கணக்கில் ஏற்பாடு செய்கிறார்கள். அந்தத் துணி நீலமா பச்சையா என்று அண்ணன் தம்பிகள் அடித்துக்கொள்வதிலேயே முதல் நாற்பது நிமிஷம் போகிறது. எனக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரப் பெண் இது ரொம்ப நீளம் என்று முணுமுணுத்தாள். நம் கவின் கல்யாணத்தில் பெண்களுக்கு ஒரே மாதிரிப் புடவை எடுக்கக் கோயமுத்தூரில் நீங்களும் நானும் கடை வாசலில் மூன்று நாள் உட்கார்ந்ததை நினைத்துப் பார்த்தால், அவர்கள் வேகமான ஜனம்தான்.

இந்த அமளிக்கு நடுவில் மகள் இஃபோமா புருஷன் வீட்டை விட்டு ஒரே ஒரு பையோடு வந்து நிற்கிறாள். ஏன் வந்தாள் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். வீட்டில் பங்கு கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று அண்ணன்மார்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்புறம் படம் பின்னோக்கிப் போய் அவள் கல்யாணம் எப்படி நிச்சயமானது என்று காட்டுகிறது. அவர்கள் ஜனத்திலும், பெண் கொடுக்கும் முன்னால் மாப்பிள்ளை ஊருக்கு ஆள் அனுப்பிக் குடும்பம் எப்படி என்று விசாரிக்கிற வழக்கம் உண்டாம் மச்சான். எனக்கு நாற்காலியில் முதுகு நிமிர்ந்துவிட்டது. விசாரிக்கப் போகிறவர் பெண்ணின் தாய்மாமன். தொப்பி, கைத்தடி, நல்ல தொந்தி. மாப்பிள்ளை வீட்டார் அவருக்கு ஆடு அடித்து மிளகு போட்டு ரசம் மாதிரி ஒன்று வைத்துக் கொடுக்கிறார்கள். அவர் உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிடுகிறார். அப்போது உள்ளறையில் ஒரு பாத்திரம் விழுகிறது, ஒரு பெண்குரல் பாதியில் நிற்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோருடைய கையும் நின்றது. மாமன் கை மட்டும் நிற்கவில்லை, எலும்பைத் திருப்பித் திருப்பிக் கடித்துக்கொண்டிருந்தது. ஊருக்குத் திரும்பி வந்து, நல்ல குடும்பம், தைரியமாகக் கொடுக்கலாம் என்கிறார்.

பிற்பாடு இழவு வீட்டுச் சண்டை, தாயார் கடைசியில் தகப்பனாரின் அறைச் சாவியை மகள் கையில் கொடுக்கிறார், அதோடு பொசுக்கென்று படத்தை முடித்துவிட்டார்கள். விளக்கைப் போட்டதும் மற்ற நாலு பேரும் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்க, நான் தாளின் பின்பக்கமும் எழுதி முடித்திருந்தேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தங்களுக்காகத் தமிழில் தருகிறேன். நிறை: சொந்த வீடு, காற்றோட்டம் உள்ளது. தாயார் நிதானமானவர், அவர் வாயைத் திறந்தால் மூன்று மகன்களும் உட்கார்கிறார்கள். அந்தம்மாள் ஊரார் முன்னால் அழுவதில்லை, எல்லோரும் போன பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே அழுகிறார், அது நிஜமான அழுகை. கடைசி மகனுக்குக் குடிப்பழக்கம் இல்லை. சாப்பாட்டில் பொய் கிடையாது, நம் படங்களில் சோற்றைப் பிசைந்துகொண்டே வசனம் பேசி எழுந்துவிடுகிற மாதிரி இல்லாமல் இவர்கள் மென்று விழுங்குகிறார்கள். குறை: மூத்தவர் ஊர் மெச்ச வாழ்கிறவர். நடுவுள்ளவர் செல்போனைக் கீழே வைப்பதில்லை, அப்பா பெட்டிக்குள் போகும்போதும் வைக்கவில்லை. பாதிரியார் வீட்டுக்கு அதிகம் வருகிறார், வந்தால் பதினொரு நிமிஷம் பேசுகிறார், கடிகாரம் பார்த்தேன். ஜெனரேட்டர் சத்தத்தில் பாதிப் பேச்சு கேட்கவில்லை, குடும்பத்தார் அதைப் பழுது பார்க்க வேண்டும். மகள் எவ்வளவு அழுதாலும் கண்மை கரையவில்லை, உண்மையான துக்கமா என்று சந்தேகம் வருகிறது. வாரிசுப் பட்டியலில் மகளின் பெயர் விடுபட்டுள்ளது, சேர்த்து மறுவிசாரணை செய்யப் பரிந்துரைக்கிறேன். தாய்மாமன் விவரம் தெரிந்தே மறைத்தவர். கல்யாணத்துக்கு அப்புறம் படத்தில் அவரைக் காணவே இல்லை. நேரில் ஆஜராகச் சொல்லி விசாரித்திருக்க வேண்டும். இதற்குக் கீழே பெயரெழுதி, வருவாய் ஆய்வாளர் (ஓய்வு) என்றும் போட்டேன்.

லைப்ரரி அம்மாள் ஐந்து தாளையும் மைக்கில் வாசித்தார். மற்றவர்கள் ஒளிப்பதிவு, வேகம், நிறம் என்று என்னென்னவோ எழுதியிருந்தார்கள். என்னுடையது வந்ததும் ஹாலே சிரித்தது. ஜெனரேட்டரைப் பழுது பார்க்கச் சொன்ன இடத்தில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. கவின் நாலாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் எனக்கே புரிந்தது நான் எதற்கு அறிக்கை கொடுத்திருக்கிறேன் என்று. ஆனால் அடன்மா சிரிக்கவில்லை மச்சான். மேடையை விட்டு இறங்கி, என் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு எனக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர்கள் ஊரிலும் வயசானவர்களை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்களாம். அங்கிள், அந்த மாமாவுக்குத் தெரியும் என்று நான் படத்தில் எங்கேயும் சொல்லவில்லையே, நீங்கள் எப்படி எழுதினீர்கள் என்று கேட்டார்.

பாத்திரம் விழுந்தபோது எல்லோர் கையும் நின்றது, அவர் கை நிற்கவில்லை, தெரியாதவனாக இருந்தால் திரும்பிப் பார்த்திருப்பான் என்றேன். அந்தம்மாள் தாளை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார். இது அவருடைய அக்காவின் கதையாம். விசாரிக்கப் போனவர் சொந்தத் தாய்மாமன். அந்தக் காட்சியில் அப்படிக் கை நிற்காமல் சாப்பிடும்படி நடிகருக்கு அடன்மா சொல்லவே இல்லையாம், அந்த நடிகர் தானாகச் செய்ததை ஏனோ வெட்ட மனசு வராமல் வைத்துக்கொண்டாராம். மாமாவை வைத்து அதற்கு அப்புறம் ஒரு காட்சி எழுத மூன்று வருஷம் முயற்சி செய்தும் வரவில்லையாம். "சரி அங்கிள், அப்புறமாவது அவர் என்ன பண்ணியிருக்கணும்? நீங்க சொல்லுங்க" என்றார். எத்தனையோ தாசில்தார்களுக்கும் ஒரு கலெக்டருக்கும் வாய் கூசாமல் பதில் சொன்னவன் நான். பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டேன். அங்கே கை உலர்த்துகிற மிஷின் முன்னால் வெறுமனே நின்றேன். அது என்னைக் கண்டு தானாக ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. கவின் வந்து கதவைத் தட்டி, "அப்பா, ஆர் யூ ஓகே?" என்கிற வரைக்கும் வெளியே வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் கண்மணிக்கு அந்தியூர்ப் பக்கம் வரன் வந்தபோது, மயிலு பார்த்துச் சொன்னால் சரி என்று என்னை அனுப்பினீர்கள். போனேன். நாட்டுக்கோழி அடித்திருந்தார்கள், பள்ளிபாளையம் பக்குவத்தில் ஒன்று, குழம்பில் ஒன்று, தலைவாழை இலை. பரிமாறியது அந்த வீட்டு மூத்த மருமகள். பேர் என்னம்மா என்று கேட்டேன். அந்தப் பெண் வாயைத் திறக்கும் முன்னால் மாமியார்க்காரி சொன்னார். எந்த ஊர்ப் பெண் என்று கேட்டேன், அதற்கும் மாமியார். என்ன படித்திருக்கிறாய் என்றேன், மாப்பிள்ளைப் பையன் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் இங்க எதுக்குங்க மாமா, இன்னொரு பீஸ் போட்டுக்குங்க" என்றான். மச்சான், வாரிசுச் சான்றிதழுக்கு ஒரு வீட்டுக்குப் போய் நிற்கிறோம், தங்கச்சியிடம் கேள்வி கேட்டால் அண்ணன் பதில் சொல்கிறான் என்றால், அந்தப் பெண்ணை ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தம். பியூனுக்குக்கூடத் தெரியும். அப்படி எத்தனை மனுவை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குப் புரியாமல் இல்லை. இலையில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை, அவ்வளவுதான். நல்ல இடம், நல்ல மரியாதை, கிளறினால் கெட்ட பேர் நமக்குத்தான் வரும் என்று இருந்துவிட்டேன். உங்களிடம் வந்து, நல்ல குடும்பம், தைரியமாகக் கொடுக்கலாம் என்றேன்.

ரெண்டு வருஷத்தில் குழந்தை கண்மணி எப்படித் திரும்பி வந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். "நீ பாத்துச் சொன்ன எடந்தானே" என்று நீங்கள் கேட்டபோது, வீட்டுக்குள் நடப்பது விசாரிக்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று கத்திவிட்டுப் போனேன். அது பொய். தெரியும். அதை உங்களிடம் சொல்லாமல் ஐந்து வருஷம் இருந்துவிட்டேன். சாந்திக்கும் இந்த வாரம்தான் சொன்னேன், இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டாள், பேச்சு இல்லை. அவள் உங்களோடு போனில் பேசும்போது நான் அந்த அறைக்குள் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். கூடப் பிறந்த அண்ணனோடு ஒளித்துப் பேசும்படி அவளை வைத்தது நான்தான் என்று நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. தப்பு என்னுடையது மச்சான். மன்னித்தால் சந்தோஷம். மன்னிக்க முடியாவிட்டால் நான் ஒரு மாசம் லைப்ரரியிலேயே கிடக்கிறேன், தாங்கள் வந்து தங்கச்சி கையால் சாப்பிட்டுப் போகவும்.

தங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். தோட்டத்தில் எல்லாம் தழைத்து, தங்கள் உடம்பும் தேறி, விமானத்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் அன்புக்கு இன்னும் ஆசைப்படும்,
ம. மயில்சாமி

பின்குறிப்பு, ஞாயிற்றுக்கிழமை: மேலே உள்ளதை நேற்றே எழுதி முடித்து, இன்று மத்தியானம் சாப்பிட வந்த கண்மணியிடம் தபாலில் சேர்க்கக் கொடுத்தேன். தபால்தலை விஷயமெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். உறையை ஒட்டாமல் கொடுத்துவிட்டேன். அரைமணி நேரம் ஆகியும் அவள் கார் வாசலை விட்டு நகரவில்லை. போய்ப் பார்த்தால் ஸ்டியரிங் மேல் காகிதத்தை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியை இறக்கினாள்.

"மாமா, அந்த வீட்ல ரெண்டு வருஷம் இருந்தது நானு. லெட்டர் அப்பாவுக்கா?"

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளை. ஒரு நாள்கூட அவளிடம் நான் இதைப் பேசியது இல்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, உங்களுக்கு எழுதியதை அவளிடம் வாய்விட்டுச் சொன்னேன். பரவாயில்லை மாமா என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன், அவசரப்படுத்தாதீங்க" என்றாள். அதோடு விட்டிருந்தால் இந்தப் பின்குறிப்பே தேவைப்பட்டிருக்காது. காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, "கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி எனக்கு வேண்டாம்னு அப்பாகிட்ட நானே சொன்னேன் மாமா. பத்திரிகை குடுத்தாச்சேன்னாரு" என்றாள். காகிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

இந்த விவரம் எனக்கு இன்று வரை தெரியாது மச்சான். ஆகவே மேலே எழுதியிருப்பதைத் தாங்கள் மன்னிப்புக் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சினிமா விமர்சனமாக வைத்துக்கொள்ளவும். ஜூன் மாதம் ஏர்போர்ட்டுக்கு அவள்தான் வருகிறாள். அவளிடம் கேட்க வேண்டியதை நான் கேட்டுவிட்டேன். தங்கள் பங்கைத் தாங்கள் வந்துதான் கேட்க வேண்டும்.